பூஞ்சைத் தொற்றுக்கு ஒற்றை மரபணுவைக் குற்றவாளி ஆக்கலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் கேண்டிடா பூஞ்சை பற்றி வந்த கட்டுரையைப் படித்தோம். வெள்ளைப்படுதல், பிறப்புறுப்பு அரிப்பு என்று பலரும் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் தொல்லையைப் பற்றி நேராக எழுதியதற்கு நன்றி. ஆனால் ‘நோயை உண்டாக்கும் மரபணு சிக்கியது’ என்ற தலைப்பும், அதை முடக்கிவிட்டால் தொற்றே வராது என்ற கடைசிப் பத்தியும் எங்களை உறுத்தின. கட்டுரை சொன்ன இசிஇ1 என்ற மரபணு உண்மையானது. அதன் வேலையும் உண்மையானது. அந்த மரபணுவைச் சுமக்கும் பூஞ்சை ஏராளமானோரின் உடலில் ஒரு தொல்லையும் தராமல் குடியிருக்கிறதே, அது எப்படி என்ற கேள்வியைத்தான் கட்டுரை தொடவில்லை. மருந்து, பரிசோதனை, திரும்பத் திரும்ப வரும் தொற்று எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இருக்கின்றன. அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறோம்.

கேண்டிடா அல்பிகன்ஸ் பெரும்பாலும் வெளியிலிருந்து வந்து தாக்கும் கிருமி அல்ல. வாயிலும் குடலிலும் தோல் மடிப்பிலும் அது சாதாரணமாகவே வாழ்கிறது. எந்தத் தொல்லையும் இல்லாத பெண்களில் 10 முதல் 20 சதவீதம் பேரின் பிறப்புறுப்பில் கேண்டிடா வகைப் பூஞ்சை இருக்கும். ஆகவே ‘எங்கிருந்து ஒட்டிக்கொண்டது?’ என்று வீட்டில் ஒருவரையொருவர் சந்தேகிப்பதில் பெரும்பாலும் பொருள் இல்லை. (ரொட்டி மாவைப் பொங்க வைக்கும் ஈஸ்ட் வேறு இனம். ரொட்டி சாப்பிட்டதால் இது வந்தது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.)

இந்தப் பூஞ்சைக்கு இரண்டு உருவம் உண்டு. ஒன்று மொட்டு விட்டுப் பெருகும் உருண்டைச் செல். மற்றது நீண்டு வளரும் இழை. எது எப்போது என்பதைச் சூழல் தீர்மானிக்கிறது. 37 டிகிரி வெப்பம், நடுநிலையான பிஎச் (அமில-கார அளவு), இரத்தச் சீரம், கரியமில வாயு ஆகியவை இழையாகும்படி தூண்டுகின்றன. ஆய்வகத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அரை மில்லி சீரத்தில், தட்டில் வளர்ந்த பூஞ்சைத் திட்டான காலனியிலிருந்து மிகக் கொஞ்சம், ஊசி முனை தொட்ட அளவு கலந்து, 37 டிகிரியில் இரண்டு முதல் மூன்று மணி நேரம் வைத்து, ஒரு சொட்டை ஸ்லைடில் விட்டுப் பார்த்தால் உருண்டைச் செல்லிலிருந்து முளைக்குழல் நீட்டிக்கொண்டிருக்கும். தாய்ச் செல்லோடு சேரும் இடத்தில் அது இடுங்கியிருக்காது. குழாய் போல ஒரே அகலத்தில் போகும். புதிதாகக் கற்பவர்கள் இந்தச் சோதனையில் செய்யும் பிழை ஒன்று உண்டு. நன்றாகத் தெரியட்டும் என்று காலனியை அள்ளிப் போட்டுவிடுவார்கள், முளைக்குழல் வராது, ‘இது அல்பிகன்ஸ் இல்லை’ என்று எழுதிவிடுவார்கள். காரணம் பூஞ்சையே சுரக்கும் ஃபார்னசால் என்ற பொருள். மில்லிக்குப் பத்து லட்சம் செல்களைத் தாண்டிக் கூட்டம் சேர்ந்தால் அது இழையாவதைத் தடுத்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் விட்டுவிட்டால் எதிர்ப்பக்கப் பிழை நேரும்: இன்னொரு இனமான கேண்டிடா டிராபிகாலிஸும் நீள ஆரம்பித்து, அதையும் அல்பிகன்ஸ் என்று எண்ண வைக்கும். ஒரே மரபணுத் தொகுதி உள்ள ஒரே செல், கூட்டம் எவ்வளவு, சுற்றிலும் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து நடத்தையை மாற்றிக்கொள்வதற்கு இதைவிட எளிய சான்று தேவையில்லை.

இழையாக மாறும்போது வெறும் உருவம் மட்டும் மாறுவதில்லை. இஎஃப்ஜி1, சிபிஎச்1 போன்ற கட்டுப்பாட்டு மரபணுக்கள் வேலை செய்யத் தொடங்கியதும் அவற்றோடு ஒரு படையே கிளம்புகிறது. இந்த இரண்டையும் சேர்த்து நீக்கிய பூஞ்சை எலிகளில் நோய் உண்டாக்கும் திறனை இழந்தது என்று 1997-இல் வெளிவந்த ஆய்வுதான் இத்துறையில் பெரிய திருப்பம். இழையின் மேற்பரப்பில் ஏஎல்எஸ்3 என்ற புரதம் வரும். அது நம் செல்லின் ஈ-கேட்ஹெரின் புரதத்தைப் பற்றிக்கொள்ளும், செல்லே பூஞ்சையை உள்ளே இழுத்துக்கொள்ளும்படி செய்யும், அதோடு நம் செல்லின் இரும்புச் சேமிப்பான ஃபெரிட்டினிலிருந்து இரும்பையும் பறிக்கும். எச்டபிள்யூபி1 என்ற இன்னொரு புரதத்தை நம் உடலின் நொதியே நம் செல்லோடு தைத்துவிடும். புரதங்களை அரிக்கும் எஸ்ஏபி நொதிகளுக்கு மட்டும் பத்து மரபணுக்கள் இருக்கின்றன. ஒன்றை நீக்கினால் மற்றொன்று ஈடுகட்டும். ‘ஒரு மரபணுவை முடக்கினால் போதும்’ என்பது இங்கேயே தடுமாறிவிடுகிறது.

தங்கள் கட்டுரை குறிப்பிட்ட மரபணு இசிஇ1. செல் நீளும்போது இயங்கும் மரபணு என்ற அளவில் இது 1993-லேயே தெரியும். அது என்ன செய்கிறது என்பது 2016-இல்தான் புரிந்தது. இந்த மரபணு தரும் நீண்ட புரதத்தைப் பூஞ்சையின் கேஇஎக்ஸ்2 என்ற நொதி எட்டுத் துண்டுகளாக வெட்டுகிறது. மூன்றாவது துண்டு 31 அமினோ அமிலம் நீளமுள்ளது; அதுதான் கேண்டிடாலைசின் என்ற நஞ்சு. இழை நம் செல்லுக்குள் துளைத்துப் போகும்போது செல்லின் சவ்வு அதைச் சுற்றிக் குறுகிய பை போல மூடிக்கொள்ளும். அந்தச் சிறு இடத்துக்குள் நஞ்சு தேங்கி, அடர்த்தி ஏறி, சவ்வில் ஓட்டை போடுகிறது. வெளியே கழுவிக்கொண்டு போகும் எச்சிலில் அந்த அடர்த்தி வராது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நஞ்சு அளவோடு இருக்கும்போது செல் சாவதில்லை. ஆபத்து வந்துவிட்டது என்று அறிவிப்பு அனுப்புகிறது. அந்த அறிவிப்பைக் கேட்டுத்தான் நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்கள் ஓடிவருகின்றன. ஆக, இந்த நஞ்சு பூஞ்சையின் ஆயுதம் மட்டும் இல்லை, அதைக் காட்டிக்கொடுக்கும் மணியும் அதுவே.

இதை வைத்துப் பார்த்தால் அடுத்த விநோதம் புரியும். ஆய்வகங்கள் எங்கும் அடிப்படையாகப் பயன்படுத்துவது எஸ்சி5314 என்ற அல்பிகன்ஸ் வகை. முரட்டுத்தனமாக இழை விடும், அழற்சியைக் கிளப்பும். எலியின் வாயில் விட்டால் கடும் அழற்சி உண்டாகி, சில நாளில் அது விரட்டப்பட்டுவிடும். ‘101’ என்ற இன்னொரு வகை மந்தமானது. அழற்சி அதிகம் கிளப்பாது. அதனால் வாயிலேயே நெடுநாள் தங்கிவிடும். எது ‘வீரியமான’ பூஞ்சை? ஒருநாள் சேதத்தை அளந்தால் முதலாவது. யார் வெகுகாலம் குடியிருக்கிறார் என்று அளந்தால் இரண்டாவது. வீரியம் என்ற சொல்லைப் பூஞ்சையின் பட்டியலில் மட்டும் எழுதி வைக்க முடியாது என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

குடலுக்குள் கதை இன்னும் மாறும். மற்ற நுண்ணுயிர்கள் இல்லாத எலிக்குடலில் அல்பிகன்ஸை வாரக்கணக்கில் வாழவிட்டால், எஃப்எல்ஓ8 போன்ற மரபணுக்களில் மாற்றம் ஏற்பட்டு இழை விடும் திறனையே தொலைத்துவிடுகிறது. எதிர்ப்பாளர் இல்லாத ஊரில் ஆயுதம் வீண் சுமை போலும். பாக்டீரியாக்கள் நிறைந்த குடலிலோ இழைத் திறன் நிலைத்திருக்கிறது. அங்கே கேண்டிடாலைசின் போட்டி பாக்டீரியாக்களை அடக்கி இடம்பிடிக்க உதவுகிறது என்று 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. நஞ்சு என்று நாம் பெயர் வைத்ததன் முதல் வேலை நம்மைத் தாக்குவதாகவே இருந்திருக்க வேண்டும் என்பதில்லை.

இனி நம் பக்கம். ‘நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தால் பூஞ்சை வரும்’ என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது வழக்கம். தங்கள் கட்டுரையும் அப்படித்தான் முடித்தது. எதிர்ப்புச் சக்தி ஒரு தொட்டித் தண்ணீர் போல எல்லா இடத்திலும் ஒரே மட்டத்தில் நிற்பதில்லை. வாய்க்கு ஒரு காவல், இரத்தத்துக்கு ஒரு காவல், பெண்ணுறுப்புக்கு வேறொன்று. வாயிலும் உணவுக்குழாயிலும் காவல் காப்பது டி செல்கள் என்ற வெள்ளணுக்களும் அவை அனுப்பும் ஐஎல்-17 என்ற செய்திப் புரதமும். எச்ஐவி தொற்றில் சிடி4 வகை டி செல்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே போனதும் நாக்கிலும் தொண்டையிலும் வெண்படலம் படிவது இதனால். ஆனால் அதே நோயாளிக்கு இரத்தத்தில் கேண்டிடா பரவுவது அந்த ஒரு காரணத்தால் மட்டும் வருவது அரிது. இரத்தத்தைக் காப்பது நியூட்ரோபில்கள். புற்றுநோய் மருந்தால் நியூட்ரோபில் சரிந்தவருக்கு நிலைமை நேர்மாறு. சொரியாசிஸுக்காக ஐஎல்-17-ஐத் தடுக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு வாயில் வெண்படலம் கூடுதலாக வருகிறது. இரத்தத் தொற்று அப்படிக் கூடுவதில்லை. இயற்கையே செய்துகாட்டிய சோதனை மாதிரிதான் இது.

பெண்ணுறுப்பு இந்த இரண்டிலும் சேராது. அங்கே தொற்று வருபவர்களில் பெரும்பாலோர் முழு ஆரோக்கியமானவர்கள். ஆரோக்கியமான பெண்கள் தாமாக முன்வந்து பங்கேற்ற ஓர் ஆய்வின் முடிவு 2004-இல் வெளியானது. உயிருள்ள பூஞ்சையை உறுப்பில் வைத்தபோது சிலருக்கே அரிப்பும் எரிச்சலும் வந்தன. அவர்களிடம் நியூட்ரோபில்கள் குவிந்திருந்தன. தொல்லை வராதவர்களிடம் அவை திரளவில்லை. அதாவது சிவப்பும் வீக்கமும் எரிச்சலும் உடலின் எதிர்வினை மிதமிஞ்சியதால் வருபவை. அங்கே ஓடிவரும் வெள்ளணுக்கள் பூஞ்சையைச் சரியாகக் கொல்வதும் இல்லை. ‘எனக்கு எதிர்ப்புச் சக்தி இல்லை போலிருக்கிறது’ என்று கவலைப்பட்டுச் சக்தி மருந்து தேடும் பெண்களுக்கு இதை யாராவது சொல்ல வேண்டும்.

பிறவியிலேயே அமைந்த மரபணுக் குறைகளும் இருக்கின்றன. எண்ணிக்கையில் மிக அரிது, ஆனால் கற்றுக்கொடுத்தது அதிகம். பூஞ்சைச் சுவரில் உள்ள பீட்டா குளுக்கன் என்ற பொருளைத் தொட்டறியும் டெக்டின்-1 புரதம் பாதியில் நின்றுபோன ஒரு குடும்பத்தை 2009-இல் விவரித்தார்கள். அக்குடும்பத்துப் பெண்களுக்குப் பிறப்புறுப்புத் தொற்று திரும்பத் திரும்ப வந்தது, நகத்திலும் பூஞ்சை வந்தது; இரத்தத் தொற்று வரவில்லை. பூஞ்சை வந்த செய்தியைச் செல்லுக்குள் கடத்தும் கார்டு9 புரதத்தில் அதே ஆண்டு விவரிக்கப்பட்ட குறைபாடு அதைவிடக் கொடியது: அதில் பூஞ்சை மூளைவரை போகக்கூடும். ஐஎல்-17 ஏற்பி இல்லாமல் பிறப்பவர்கள், ஸ்டாட்1 புரதம் அளவுக்கு மீறி இயங்குபவர்கள் ஆகியோருக்குச் சிறு வயதிலிருந்தே வாய், நகம், தோல் எங்கும் விடாத பூஞ்சை. எனவே குழந்தைப் பருவத்திலிருந்தே மாறாத வாய் வெண்படலம், குடும்பத்தில் பலருக்கு அதே தொல்லை, காரணமே இல்லாமல் மூளையிலோ எலும்பிலோ கேண்டிடா என்றால் மரபணுப் பரிசோதனை பொருத்தமானது. வருடத்தில் மூன்று முறை அரிப்பு வந்த பெண்ணுக்கு முதல் வேலையாக அதைச் செய்வது காசுக்குக் கேடு.

அவருக்கு முதலில் பார்க்க வேண்டியவை மிகச் சாதாரணமானவை. சமீபத்தில் ஆன்டிபயாட்டிக் எடுத்தாரா? அது பூஞ்சையைத் தொடாது. போட்டியாளர்களான பாக்டீரியாக்களை மட்டும் அழிக்கும். சர்க்கரை நோய் கட்டுக்குள் இருக்கிறதா? ‘ஃப்ளோசின்’ என்று முடியும் எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுக்கிறாரா? அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே தள்ளுவதால் பிறப்புறுப்புப் பூஞ்சை ஆண்களுக்கும் பெண்களுக்கும் கூடும். மருத்துவர் இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் நோயாளி இரண்டையும் முடிச்சுப் போடவே மாட்டார். கர்ப்பமா, ஈஸ்ட்ரோஜன் மருந்து எடுக்கிறாரா? ஈஸ்ட்ரோஜன் அந்த இடத்துச் செல்களில் கிளைக்கோஜனைச் சேர்க்கும். பூஞ்சை ஒட்டவும் வசதியாகும். எலியில் இந்தத் தொற்றை ஆராய்பவர்கள் முதலில் ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் தொற்று நிலைக்காது. பருவமடையாத சிறுமிக்கும், ஹார்மோன் மருந்து எடுக்காத, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கும் இந்தத் தொற்று அரிது என்பதும் அதே கணக்கு. அவர்களுக்கு அரிப்பு என்றால் வேறு காரணத்தை முதலில் தேட வேண்டும்.

வாய்க்கு வேறு கேள்விகள். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். ஸ்பேசர் என்ற இடைக்குழாய் வைத்து இழுத்தால் தொண்டையில் படிவது குறையும். பல்செட்டைக் கழற்றாமல் தூங்குபவரின் மேலண்ணத்தில் பல்செட்டின் அச்சு எடுத்தாற்போல் சிவந்திருக்கும். பூஞ்சை அக்ரிலிக்கின் மேல் உயிர்ப்படலமாகப் படிந்துவிடுகிறது. நிஸ்டாட்டின் திரவத்தை 4 முதல் 6 மில்லி, நாளைக்கு நான்கு வேளை, ஏழு முதல் பதினான்கு நாள் என்று எழுதிக் கொடுப்பார்கள். பல்செட் வாயிலேயே இருக்க, திரவத்தை ஒரே மடக்கில் விழுங்கிவிட்டால் அது படிய வேண்டிய இடத்தில் படியாது. கழற்றிவிட்டு, முடிந்தவரை வாயில் உருட்டிப் பிறகுதான் விழுங்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷைக் கையோடு சேர்த்துப் பயன்படுத்தினால் இரண்டும் சேர்ந்து கரையாத உப்பாகி நிஸ்டாட்டின் வேலை செய்யாது. குறைந்தது அரைமணி இடைவெளி வேண்டும்.

பரிசோதனைக்கு வருவோம். மருந்துக் கடையில் தாமே கிரீம் வாங்கிப் போட்டுக்கொள்ளும் பெண்களில் கணிசமானோருக்கு உண்மையில் இருப்பது வேறு தொல்லை. பிஎச் தாள் ஒன்றே பாதி வழக்கைப் பிரித்துவிடும்: பூஞ்சைத் தொற்றில் அந்த இடத்துப் பிஎச் வழக்கமான 4.5-க்குள்ளேயே இருக்கும், பாக்டீரியாக்களின் சமநிலை கெடுவதால் வரும் பாக்டீரியல் வஜினோசிஸிலும் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணித் தொற்றிலும் அதைத் தாண்டும். தாளைக் கருப்பை வாய்ச் சளியில் தொட்டால் அளவு பொய் சொல்லும், பக்கச் சுவரில் தொட வேண்டும். பிறகு ஸ்லைடு. ஒரு சொட்டுச் சலைன், இன்னொரு ஸ்லைடில் ஒரு சொட்டு 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. காரம் நம் செல்களைக் கரைத்துவிடும். கைட்டினும் குளுக்கனும் உள்ள பூஞ்சைச் சுவர் நிற்கும். ஸ்லைடில் எதுவும் தெரியாவிட்டால் பூஞ்சை இல்லை என்று முடிவு கட்டக் கூடாது; தொற்று உள்ளவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது தவறிவிடும். குறிப்பாக கேண்டிடா கிளாப்ராட்டா என்ற இனம் இழையே விடாது. சின்னச் சின்ன மொட்டுகளாகச் சிதறிக் கிடக்கும். அவசரக் கண்ணுக்குத் தப்பும். தொல்லை இருந்து ஸ்லைடு வெறுமையாக இருந்தால் கல்ச்சர், அதாவது மாதிரியை வளர்த்துப் பார்க்க வேண்டும். இனத்துக்கு ஒரு நிறம் காட்டும் குரோமோஜெனிக் தட்டில் 48 மணி நேரத்தில் அல்பிகன்ஸ் பச்சை, டிராபிகாலிஸ் நீலம், குரூசி சொரசொரப்பான இளஞ்சிவப்பு என்று பிரியும்.

எதிர்ப்பக்கப் பிழையும் அடிக்கடி நடக்கிறது. தொல்லை எதுவும் இல்லாதவரின் ஸ்வாபில் கேண்டிடா வளர்ந்தது என்பதற்காக மருந்து கொடுப்பது, சிறுநீர்க் குழாய் பொருத்திய நோயாளியின் சிறுநீரில் பூஞ்சை கண்டதும் சிகிச்சை தொடங்குவது, சளியில் கேண்டிடா வந்ததை நிமோனியா என்று படிப்பது. பெரும்பாலும் இவை குடியிருப்பு மட்டுமே. சிறுநீர்க் குழாயை எடுத்தாலோ மாற்றினாலோ பூஞ்சை தானாகவே மறைவதுண்டு. ஆனால் இரத்தக் கல்ச்சரில் ஒரே ஒரு பாட்டிலில் கேண்டிடா வந்தாலும் அதை ‘வெளிக் கலப்பு’ என்று ஒதுக்கவே கூடாது.

மருந்தைப் பற்றித் தங்கள் கட்டுரை ‘ஒரு மாத்திரை போதும்’ என்றது. எப்போதாவது வரும் லேசான தொற்றுக்குச் சரி: ஃப்ளூகோனசோல் 150 மில்லிகிராம் ஒருமுறை, அல்லது க்ளோட்ரிமசோல் வகை கிரீமோ உறுப்பினுள் வைக்கும் மாத்திரையோ. வீக்கமும் வெடிப்பும் உள்ள கடுமையான தொற்றுக்கு அதே 150-ஐ 72 மணி நேர இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை. ஆண்டுக்கு மூன்று தடவையோ அதற்கு மேலோ வருபவருக்கு முதல், நான்காம், ஏழாம் நாள்களில் தலா ஒன்று கொடுத்து அடக்கிவிட்டு, பிறகு வாரம் ஒன்றாக ஆறு மாதம். இந்த முறையைச் சோதித்து 2004-இல் வெளியான ஆய்வில் ஆறு மாத முடிவில் 90.8 சதவீதம் பேர் தொற்றில்லாமல் இருந்தார்கள். மருந்தை நிறுத்தி மேலும் ஆறு மாதம் போனதும் அது 42.9 சதவீதமாக இறங்கிவிட்டது. மருந்து பூஞ்சையை அடக்கியதே தவிர, அதற்கு இடம்கொடுத்த உடல் சூழலை மாற்றவில்லை. வாரம் ஒருமுறை மாத்திரை தொடங்கும்போதே நோயாளிக்கு இந்த இரண்டாவது எண்ணையும் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் திரும்ப வந்ததும் ‘மருந்து கேட்கவில்லை’ என்று அவரே முடிவு செய்துவிடுவார். கர்ப்ப காலத்தில் மாத்திரை வேண்டாம். க்ளோட்ரிமசோல் போன்ற மேற்பூச்சு அசோல் மருந்து ஏழு நாள். கணவருக்கும் சேர்த்து மருந்து கொடுப்பது வழக்கமாகத் தேவைப்படாது. அவருக்கு அரிப்போ சிவப்போ இருந்தால் மட்டும் பார்க்கலாம். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் எடுப்பவருக்கு ஃப்ளூகோனசோல் மட்டுமல்ல, வாயில் தடவும் மைக்கோனசோல் ஜெல்கூட இரத்தம் உறையாமையை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும்.

மருந்துக்குப் பூஞ்சை அடங்காமல் போவதில்தான் அதன் மரபணுக்கள் நடைமுறையில் நேரடியாக முக்கியமாகின்றன. எங்களைக் கேட்டால் கட்டுரை இசிஇ1-ஐ விட்டுவிட்டு இஆர்ஜி11-ஐப் பற்றி எழுதியிருந்தால் வாசகருக்கு அதிகம் பயன்பட்டிருக்கும். பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பு வேண்டும். அதைத் தயாரிக்கும் ஒரு நொதியின் மரபணு இஆர்ஜி11. அந்த நொதியைத்தான் ஃப்ளூகோனசோல் அடைக்கிறது. நொதியில் 132-ஆம் இடத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம் ஃபீனைல் அலனினாக மாறினாலே மருந்து சரியாகப் பொருந்தாது. இன்னொரு வழி, மருந்தை வெளியே இறைத்துவிடுவது: டிஏசி1 என்ற கட்டுப்பாட்டு மரபணு மாறி சிடிஆர்1, சிடிஆர்2 என்ற இறைப்பான்களை முழு வேகத்தில் ஓடவிடும். அல்பிகன்ஸுக்கு ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு பிரதி. ஒன்றில் மாற்றம் வந்தால் பாதி எதிர்ப்பு. மற்றப் பிரதியும் அதேபோல ஆகிவிட்டால் முழு எதிர்ப்பு. ஐந்தாம் குரோமோசோமின் இடக்கையில் இஆர்ஜி11-ம் டிஏசி1-ம் சேர்ந்தே இருப்பதால், அந்தக் கை மட்டும் இரட்டித்த பூஞ்சைகள் மருந்துக்கு நடுவிலும் வளர்வதை 2006-இல் கண்டார்கள். விட்டுவிட்டு, அரைகுறையாக மாத்திரை போடுவது இத்தகையவற்றுக்கு வாய்ப்புக் கொடுப்பதாகும்.

இனம் எது என்று தெரியாமல் மருந்தைக் கூட்டுவது இன்னொரு தவறு. கேண்டிடா குரூசிக்கு ஃப்ளூகோனசோல் இயல்பாகவே பலிக்காது. கிளாப்ராட்டா பிடிஆர்1 மரபணு மாற்றத்தால் எளிதில் எதிர்ப்புப் பெறும். போதாக்குறைக்கு, ஆய்வகத்தில் பிஎச் 7-இல் சோதிக்கும்போது மருந்து வேலை செய்வதாகத் தெரிந்தது பெண்ணுறுப்பின் அமிலச் சூழலில் வேலை செய்யாமல் போகலாம். அங்கே 600 மில்லிகிராம் போரிக் அமிலக் கேப்சூலை இரவில் உறுப்பினுள் வைப்பது, இரண்டு முதல் மூன்று வாரம் என்பது மாற்று வழி. வாயால் விழுங்கினால் நஞ்சு, கர்ப்பிணிக்குக் கூடாது. கேப்சூல் வடிவில் இருப்பதால் வீட்டில் யாரேனும் தவறி விழுங்கிவிடாதபடி தனியாக வைக்க வேண்டும்.

மருத்துவமனை இரத்தத் தொற்றில் உடல் பக்கத்துக் காரணங்கள் பெரும்பாலும் நாமே வைத்தவை: மைய இரத்தநாளத்தில் செருகிய குழாய், இரத்தநாளம் வழி உணவு, பலவகை ஆன்டிபயாட்டிக், வயிற்று அறுவை. எக்கினோகேண்டின் வகைப் பூஞ்சை மருந்தில் தொடங்கி, முடிந்தால் குழாயை எடுத்துவிட்டு, தினமுமோ ஒருநாள் விட்டு ஒருநாளோ கல்ச்சர் எடுத்து, பூஞ்சை வளராத முதல் கல்ச்சரிலிருந்து 14 நாள் எண்ண வேண்டும். மருந்து தொடங்கிய நாளிலிருந்து எண்ணுவது வழக்கமான பிழை. கண்ணின் உட்புறத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். 2009-இல் முதன்முதலில் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் தோலிலும் கட்டில் கம்பியிலும் நெடுநாள் ஒட்டியிருக்கும் என்பதால் அதற்குத் தனி எச்சரிக்கை உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட, முன்னுரிமை தர வேண்டிய பூஞ்சைகளின் பட்டியலில் அதுவும் அல்பிகன்ஸும் மிக உயர்ந்த நிலையில் இருக்கின்றன.

மரபணு ஆய்வுச் செய்திகளைத் தங்கள் நிருபர்கள் எழுதும்போது கேட்க வேண்டிய இரண்டு கேள்விகளையும் சொல்லிவிடுகிறோம். ஒன்று, நீக்கிய மரபணுவைத் திரும்ப வைத்தபோது பூஞ்சையின் பழைய குணம் திரும்பியதா? அல்பிகன்ஸில் இரண்டு பிரதிகளையும் நீக்க வேண்டும்; அதற்கு அடையாளமாக முன்பெல்லாம் யுஆர்ஏ3 என்ற மரபணுவைச் செருகினார்கள். செருகிய இடத்தில் அது மந்தமாக இயங்கினால் பூஞ்சை வளரத் தேவையான யூரிடின் என்ற பொருளுக்குப் பற்றாக்குறை வந்து, அதனாலேயே வீரியம் குறையும். பழியோ புகழோ நீக்கிய மரபணுவுக்குப் போய்விடும். அப்படி வெளியான பல முடிவுகளை மறுபடி சோதிக்க வேண்டிவந்தது. இரண்டாவது, எந்த இடத்தில் சோதித்தார்கள்? எலியின் வால் இரத்தநாளத்தில் பூஞ்சையை ஏற்றினால் சிறுநீரகம் பாதிக்கப்படும். அதில் கிடைத்த விடையை வெள்ளைப்படுதலுக்குப் பொருத்திச் செய்தி எழுத முடியாது. தங்கள் கட்டுரையில் நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வெளியிட்ட நுண்ணோக்கிப் படத்தின் கீழே ‘முளைக்குழல் விடும் கேண்டிடா’ என்று இருந்தது. படத்தில் செல்லும் நீட்சியும் சேரும் இடம் தெளிவாக இடுங்கியிருக்கிறது. நீட்சி நெடுக மணிகோத்தாற்போல் இடுப்புகளும் இருக்கின்றன. அது மொட்டுகள் பிரியாமல் சங்கிலியாக நீண்ட போலி இழை. மாணவர்கள் வெட்டி ஒட்டி வைக்கும் பக்கம் என்பதால் திருத்தம் ஒன்று வெளியிட வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
பூஞ்சையியல் ஆய்வகப் பணியாளர்கள் இருவர்